இடது இடுப்பு

வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தேன். காலில் சேறு காய ஆரம்பித்திருந்தது. கழுவிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். கழுவ வேண்டுமென்றால் குனிய வேண்டும். நான் எப்படிக் குனிகிறேன் என்று அவர்கள் இன்னொரு முறை பார்க்க வேண்டாம் என்று அப்படியே ஏறி வந்துவிட்டேன். தோளில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு புடவை, மாத்திரை, ஆஸ்பத்திரி ஃபைல், ஒரு ஸ்டீல் டம்ளர். வலது தோள் வலித்தால் இடதுக்கு மாற்றுவேன். இடதுக்கு மாற்றினால் இடுப்பு இழுக்கும். மறுபடி வலதுக்கு.

பின்னால் வயலில் பதினேழு பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி மாதம், சம்பா நடவு கடைசிக் கட்டத்தில் இருந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டேன். ஆனாலும் மதகு தாண்டும் வரைக்கும் காது பின்னாலேயே இருந்தது.

நான் ஓரிடத்தில் நிலைத்தவள் இல்லை. ஏழாம் வகுப்பு பாதியில் நின்றதிலிருந்து நடந்துகொண்டேதான் இருக்கிறேன். திருப்பூரில் நூல் பிசிறு வெட்டினேன். நாகப்பட்டினத்தில் கருவாடு காயவைத்தேன். சுவாமிமலையில் சிலை வார்க்கிறவர்களுக்கு ஆற்று வண்டல் சுமந்தேன். கல்யாணம் மூன்று வருஷம் இருந்தது. பிள்ளை இல்லை. அவரோடு சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. ஒருநாள் பஸ் ஏறினேன், திரும்பவில்லை. ஆனால் எங்கே போனாலும் நடவுக்கு இந்தப் பெண்கள் செட்டுக்கு வந்துவிடுவேன். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். செட்டை நடத்துகிற அம்மாளை எல்லோரும் பெரியக்கா என்போம். ஆவணி பிறந்ததும் போன் வரும். "எந்த ஊர்ல கிடக்குற? நாத்து ஆயிடுச்சு, வா." வேறு யாரும் என்னை அப்படி வா என்று கூப்பிட்டதில்லை. போனால் அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு கொட்டகை, அதில் என் பாய். நடவு முடிந்தால் களையெடுப்பு, பிறகு உளுந்து, பிறகு நான் கிளம்பிவிடுவேன்.

அந்தப் பாய்க்குத் திரும்பிப் போக முடியுமா என்பதுதான் எனக்கு இரண்டு வருஷமாக இருந்த ஒரே கேள்வி. உயிர் பிழைப்பேனா என்று டாக்டர்கள் யோசித்தார்கள். நான் அதை அவ்வளவாக யோசிக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது மார்பில் கட்டி. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், கதிர்வீச்சு என்று கரண்டு வைத்தார்கள். முடி கொட்டி முளைத்தது. "வலது கையால இனி வெயிட் தூக்கக் கூடாது, கை வீங்கிடும்" என்றார்கள். சரி என்றேன். நாற்று நடுவதற்கு வெயிட் தூக்க வேண்டாம். நாற்று முடி இடது கையில் இருக்கும், வலது கை நாலு நாற்றைப் பிரித்து ஊன்றும், அவ்வளவுதான். தலைமுடி முழுதாக வளருமுன்னேயே செட்டுக்குப் போய்விட்டேன்.

குனிந்தால் ரவிக்கை ஒரு பக்கம் காலியாகத் தொங்கும். வரப்பில் ஆட்கள் வருவார்கள், போவார்கள். பழைய நூல் புடவையைக் கிழித்து உருண்டையாகக் கட்டி, ரவிக்கைக்குள் ஒரு பை தைத்து வைத்துக்கொண்டேன். பத்து நாள் நன்றாகத்தான் இருந்தது. பதினோராம் நாள் தையல் விட்டு உருண்டை சேற்றில் விழுந்தது. எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பெண் அதை எடுத்துவிட்டாள்.

"யாருது இந்த வெத்தல முடிச்சு?"

ஓசியில் ஒரு வெற்றிலை கிடைக்கும் என்று அவள் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே துணி. அதற்குள்ளும் துணி. மூன்றாவது சுற்றைப் பிரிக்கும்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவள் அதை வாய்க்கால் தண்ணீரில் அலசி, பிழிந்து, மறுபடி சுற்றி, என் கையில் கொடுத்தாள். பிறகு மத்தியானம் வரைக்கும் வரிசையில் பேச்சே இல்லை. எப்போதும் யார் புருஷன் என்ன குடித்தான் என்று பேசிக்கொண்டே நடுகிற செட் அது.

அந்த மௌனத்துக்காகத்தான் இரண்டாவது ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

செக்கப்புக்குப் போனபோது ஒரு டாக்டரம்மா, இளவயது, என்னிடம் அதைப் பற்றிப் பேசினார். உடம்பிலேயே வேறு இடத்திலிருந்து சதை எடுத்து மார்பு செய்து வைக்கலாம். காப்பீட்டில் வரும்.

"வயித்துல இருந்து எடுக்கறதுதான் வழக்கம். உங்களுக்கு வயிறே இல்லையேம்மா."

"இருந்தா நான் ஏன் நடவுக்குப் போறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். என்னைத் திருப்பி நிற்க வைத்து இடுப்பைக் கிள்ளிப் பார்த்தார். பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், கொஞ்சம் பின்பக்கமாக. "இங்க இருக்கு. இது போதும்." பிறகு கேட்டார். "ஒரு பக்கம்தான் எடுப்போம். வேலைக்கு எந்தப் பக்கம் உங்களுக்கு முக்கியம்? வலதா இடதா?"

நான் யோசிக்கவே இல்லை. "வலதுதாம்மா எல்லாத்துக்கும்."

"அப்ப இடது பக்கம் எடுத்துக்கறோம்."

"எடுத்துக்குங்க."

அந்தக் கேள்வியை அவர் நல்லபடியாகத்தான் கேட்டார். இன்றைக்கும் அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. சாப்பிடுவது வலது, கொடுப்பது வலது, கும்பிடப் போகும்போது எடுத்து வைப்பது வலது. இடது எதற்கு என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வைத்திருக்கிறார்களோ அதற்குத்தான் இடது என்று நானும் நினைத்திருந்தேன். உதவாத பக்கத்தைக் கொடுக்கிறோம் என்ற நினைப்பில் கையெழுத்துப் போட்டேன்.

சித்திரை மாதம் ஆபரேஷன். காலையில் உள்ளே போனவள் வெளியே வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது என்று தங்கச்சி சொன்னாள். தங்கச்சிதான் கூட இருந்தாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அதை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

எனக்கு முதலில் தெரிந்தது சத்தம்தான். நர்ஸ் ஒருத்தி பேனா மாதிரி ஒரு கருவியைப் புது மார்பில் வைப்பாள். உஷ் உஷ் என்று சத்தம் வரும். மடையில் தண்ணீர் பாய்வது மாதிரி. இடுப்புச் சதையின் ரத்தக்குழாயை மார்புக்குள் இருக்கிற குழாயோடு மயிரைவிட மெல்லிய நூலால் தைத்திருக்கிறார்களாம். ரத்தம் ஓடுகிறதா என்று ஒரு மணிக்கு ஒரு தரம் பார்ப்பார்கள்.

"உயிரோட இருக்கா?" என்று தங்கச்சி நர்ஸைக் கேட்பாள்.

"இருக்கு."

"அக்கா?"

"அக்காவும் இருக்காங்க."

எனக்கு மூன்று இடத்தில் குழாய். மார்பில் ஒன்று, இடுப்பில் ஒன்று, மூத்திரத்துக்குக் கீழே ஒன்று. முதல் இரண்டு குழாயின் முனையிலும் ஒரு ரப்பர் குமிழ், அதில் சிவப்பாக நீர் சேரும். தங்கச்சி அதை அளந்து ஒரு தாளில் எழுதிக் கொடுப்பாள். திரும்பிப் படுக்கக் கூடாது. இருமக் கூடாது. மின்விசிறி போடக் கூடாது, சதை குளிர்ந்துவிடும் என்று சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக் கிடந்தேன். மார்பு வலிக்கவில்லை. அங்கே உணர்ச்சியே இல்லை. இடுப்புதான் வலித்தது. ஒரு சதையைக் காப்பாற்ற எல்லோரும் சுற்றி நின்றார்கள். அது இருந்த இடத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நானும்தான்.

ஐந்தாம் நாள் கட்டு மாற்றும்போது கண்ணாடி கேட்டேன். புது மார்பின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு. தழும்பு என்று நினைத்தேன். தழும்பு இல்லை, தையல் சுற்றி வேறு இடத்தில் இருந்தது. தங்கச்சி உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, இது பாவாடை நாடா தடம்."

ஆமாம். முப்பது வருஷம் நாடா இறுக்கி இறுக்கிக் கறுத்த தோல். அது இப்போது மார்பில் இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். எனக்கு இரண்டும் வரவில்லை. தையல் இழுக்கும்.

இரண்டு வாரம் கழித்துத் தங்கச்சி வீட்டுக்குப் போனோம். திருக்கடையூர் போகும் வழியில் ஒரு கிராமம். அவள் வீட்டுக்காரர் எனக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வைத்திருந்தார். தரையில் உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழ முடியாது. பாவாடை கட்ட முடியாது. நாடா சரியாகத் தையல் மேலேயே விழும். நைட்டியோடு கிடந்தேன். இடுப்பில் நீர் கோத்துக்கொண்டது. தோலுக்குள் தண்ணீர்ப் பை கட்டின மாதிரி தளும்பும். வாரத்துக்கு ஒருமுறை தஞ்சாவூர் போய் ஊசி போட்டு உறிஞ்சிக்கொண்டு வருவேன். பஸ்ஸில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அது தனியாகக் குதிக்கும்.

மார்பு நன்றாக இருந்தது. டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். ரவிக்கைக்குள் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது.

ஆனி மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. தங்கச்சி மகள் தெருவில் விளையாடிவிட்டு வந்து என்னிடம் கையைத் தூக்கினாள். தூக்கு என்று அர்த்தம். நான் நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றிருந்தேன். அவள் எனக்கு நேரே வந்து நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு வந்து என் இடது பக்கம் நின்று கையைத் தூக்கினாள். நான் வலது பக்கம் வா என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எந்தப் பெண்ணிடம் தூக்கச் சொன்னாலும் இடது பக்கம்தான் நிற்க வேண்டும் என்று அந்த மூன்று வயதுக்குத் தெரிந்திருந்தது.

தூக்கிப் பார்த்தேன். இடது கையால் வாரி இடுப்பில் வைத்தேன். வைக்கிற இடம் அங்கே இல்லை. முன்பு எலும்புக்கு மேலே ஒரு மேடு இருக்கும், பிள்ளை அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இப்போது அது உள்வாங்கி வழித்துவிட்ட மாதிரி இருந்தது. பிள்ளை வழுக்கிக்கொண்டு என் முழங்காலுக்குப் போய்விட்டாள். தையல் இருந்த இடத்தில் நெருப்பை வைத்த மாதிரி இருந்தது. பிள்ளை அழவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அவள் அம்மாவிடம் போய் இடது பக்கம் நின்றாள்.

அன்று சாயங்காலம் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். போன பெண்கள் எல்லோருக்கும் குடம் இடது இடுப்பில். ஒருத்திக்குக்கூட வலதில் இல்லை. வலது கை கதவைத் திறக்க, மாட்டை விரட்ட, புடவையை இழுத்துவிட. சுமை இடதில். நானும் ஏழு வயதிலிருந்து அப்படித்தான் சுமந்தேன்: குடம், வண்டல் கூடை, கருவாட்டுக் கூடை, மற்றவர்களின் பிள்ளைகள். டாக்டரம்மா எந்தப் பக்கம் முக்கியம் என்று கேட்டபோது அதில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

வலது இடுப்பில் வைத்துப் பழகலாம் என்று தங்கச்சி சொன்னாள். பழகினேன். குடத்தை வலது கையால் அணைக்க வேண்டும். நாலு நாளில் கை தோளிலிருந்து விரல் வரைக்கும் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. டாக்டரம்மா திட்டினார். தலையில் வைக்கலாம் என்றால் வலது கை காதுக்கு மேலே போகவில்லை. ஒருவர் தூக்கிவிட்டு, போன இடத்தில் இன்னொருவர் இறக்கி வைக்க வேண்டும்.

"அதான் குனிஞ்சு நாத்து நடப்போறல்ல, குடம் எதுக்கு உனக்கு?" என்றாள் தங்கச்சி.

அவள் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆவணியில் பெரியக்காவிடமிருந்து போன் வரவில்லை. புரட்டாசியிலும் வரவில்லை. ஐப்பசியில் நானே கூப்பிட்டேன்.

"வரட்டுமா?"

அந்தப் பக்கம் கோழி கூவுவது கேட்டது. "பாய் அங்கதான்டி கிடக்கு" என்றார்.

மறுநாளே முதல் பஸ்ஸில் பையோடு போய் நேராக வயலில் இறங்கினேன். சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். முடிச்சை அவிழ்த்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடி, ரெண்டும் நேரா இருக்கு. என்னைவிட நல்லா இருக்கே."

"ஒண்ணு இடுப்புலேருந்து எடுத்தது."

"என் இடுப்புல நாலு பண்ணலாம்டி. ஆஸ்பத்திரில சொல்லு."

வரிசையே சிரித்தது. போன வருஷத்து மௌனம் அதோடு தீர்ந்தது. எனக்கு அதுவே போதும் போலிருந்தது. என்னை நடுவில் விட்டார்கள். குனிந்தேன்.

குனிய முடிந்தது. முதல் கால் மணி நேரம் முடிந்தது. நடவு என்பது பின்பக்கமாகப் போவது. ஒரு காலைச் சேற்றிலிருந்து பிடுங்கிப் பின்னால் வைக்க வேண்டும், இடுப்பு கீழேயே இருக்க வேண்டும். இடது காலைப் பிடுங்கும்போதெல்லாம் இடுப்பில் யாரோ கயிறு கட்டி இழுத்தார்கள். நான் நிமிர்ந்தேன். மறுபடி குனிந்தேன். மறுபடி நிமிர்ந்தேன். இரண்டு பக்கத்துப் பெண்களும் நட்டுக்கொண்டே பின்னால் போய்விட்டார்கள். பார்த்தால் எனக்கு வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் பச்சை, முன்னால் பச்சை. நடுவில் நான் நிற்கிற கறுப்புச் சேறு மட்டும் பாக்கி. என் பங்குத் தரையை முடிச்சுக்காரி திரும்பி வந்து நட்டாள். நான் நட்ட நாற்றை மிதிக்காமல் வெளியே வருவதற்கு வழி பார்க்க வேண்டியிருந்தது.

பெரியக்கா வரப்புக்கு வந்தார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"தண்ணி எடுத்துக் குடுடி. பங்கு பங்குதான்."

எங்கள் செட்டில் அது வழக்கம். மாசமாக இருக்கிறவள், வயதானவள், காய்ச்சலில் எழுந்து வந்தவள், குனிய முடியாத யாராக இருந்தாலும் அன்றைக்கு அவள் தண்ணீர்க்காரி. ஊர்க் குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வரப்போடு நடந்து ஒவ்வொருத்திக்கும் சொம்பில் மொண்டு கொடுப்பாள். நட்டவளுக்கு என்ன பங்கோ அதே பங்கு அவளுக்கும். யாரும் அதில் குறை சொல்ல மாட்டார்கள், நாளைக்கு அவர்களும் அங்கே நிற்க வேண்டியவர்கள். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை பேர் கையால் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறேன். முடியாதவர்களுக்கென்று எங்களிடம் இருந்த ஒரே வேலை அதுதான்.

குடத்தைக் கையில் வாங்கியபோதே அவருக்கு நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குழாயில் பாதி பிடித்து இடது இடுப்பில் வைத்தேன். பாதிக் குடம்தான். வரப்பு வரைக்கும் வந்தேன். வரப்பு ஈரம், ஒரு அடி அகலம். இரண்டாவது வளைவில் குடம் இறங்கியது. பிடிக்கப் போனேன், அதோடு நானும் வாய்க்காலில் உட்கார்ந்தேன். தண்ணீர் தண்ணீரோடு போய்விட்டது. பிளாஸ்டிக் குடம் மிதந்துகொண்டு மதகுப் பக்கம் போனது. ஒருத்தி ஓடிப் போய்ப் பிடித்தாள்.

"பாட்டில்ல கொண்டாயேன்" என்றார்கள்.

கொண்டுவந்தேன். இடது கையில் இரண்டு பாட்டில். பதினேழு பேர். குழாய்க்கும் வயலுக்கும் நடுவில் ஒரு தெரு, ஒரு தோப்பு. நான் இரண்டாவது முறை வருவதற்குள் முதல் இரண்டு பாட்டில் முடிந்திருக்கும். மேகமில்லாத வெயில். நாலாவது முறை வந்தபோது வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது. முடிச்சுக்காரிதான் ஏறிப் போயிருந்தாள். தோப்புப் பக்கமிருந்து வந்தாள், குடம் ததும்ப, இடது இடுப்பில். என்னைப் பார்த்ததும் குடத்தை மறைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள். குடத்தை எங்கே மறைப்பது.

ஒரு தண்ணீர்ப் பங்குக்கு இரண்டு ஆள். ஒருநாள் சரி, இரண்டு நாள் சரி. மூன்றாம் நாள் அவர்கள் பேசுவார்கள், நான் இல்லாதபோது, மெதுவாக, எனக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே. பெரியக்காவால் என்னிடம் போ என்று சொல்ல முடியாது. பாய் அங்கேயே கிடக்கும். அதைச் சொல்ல வைக்க வேண்டாம் என்று பாட்டிலை வரப்பில் வைத்துவிட்டுப் பையை எடுத்தேன்.

அப்படித்தான் வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தேன்.

மதகு தாண்டியதும் தங்கச்சி கூப்பிட்டாள்.

"நடவு எப்படி இருக்கு?"

"நடக்குது."

"வெயில்ல நிக்காத. எங்க இருக்க, காத்து சத்தமா கேக்குது?"

"கரைல."

"சாப்பாட்டுக்கு ஏறிட்டீங்களா?"

"ம்."

அவளிடம் சொன்னால் நாற்காலியை மறுபடி வாசலில் போடுவாள். அவள் வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்ல மாட்டார். பிள்ளை இடது பக்கம் வந்து நிற்கும். அங்கே போக முடியாது. திருப்பூருக்குப் போனால் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். நாகப்பட்டினத்தில் கூடை. சுவாமிமலையில் கூடை. இத்தனை வருஷம் ஒரு இடம் பிடிக்கவில்லையென்றால் இன்னொரு இடம் இருந்தது. நடந்துகொண்டே எல்லா இடத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு சுமை, அதை வைக்க ஓர் இடுப்பு. நெல் கொள்முதல் நிலையத்தைத் தாண்டும்போது நினைக்க வேறு ஊர் பாக்கியில்லை. எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடப்பது எனக்குப் புதிதில்லை. போக இடமே இல்லாமல் நடந்தது அன்றைக்குத்தான்.

இரவு ஒரு ஊர்ப் பொதுமண்டபத்தில் படுத்தேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

காலையில் அந்த ஊர் எல்லையில் பச்சை வலை போட்ட ஒரு கொட்டகையைப் பார்த்தேன். வாசலில் ஆள் தேவை என்று சுண்ணாம்பில் எழுதியிருந்தது. உள்ளே மேசை மேசையாகக் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டுகள். என்ன கொட்டகை என்று பார்த்த உடனே தெரிந்தது. நடவு மிஷினுக்கு நாற்று போடுகிற இடம். தட்டில் சலித்த மண்ணைப் பரப்பி, முளைகட்டின விதையைத் தூவி, மேலே மறுபடி மண் தூவினால், பாய் மாதிரி நாற்று வரும். அதைச் சுருட்டி மிஷினில் வைத்தால் ஒரு செட் பெண்கள் ஒரு நாளில் நடுவதை மிஷின் ஒரு வேளையில் நட்டுவிடும். மிஷின் வந்த வயலைத் தாண்டும்போது பெரியக்கா கீழே துப்புவார். நாங்களும் துப்புவோம். நான்தான் அதிகமாகத் துப்பியிருப்பேன்.

கொட்டகைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"வேலைக்கா? வாங்க."

"வெயிட் தூக்கணுமா?"

"தூக்க பசங்க இருக்காங்க. நீங்க தட்டுல மண்ணு பரப்பி வெத தூவணும். மேசையிலேயே செய்யலாம். ஸ்டூல் இருக்கு."

"ஸ்டூல் உயரமா இருக்குமா?"

"உயரமாத்தான் இருக்கும்." அவர் என் காலைப் பார்த்தார். நேற்றைய சேறு கணுக்காலுக்கு மேலே வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. "நடவுக்குப் போறவங்களா? எந்த செட்டு?"

"செட்டெல்லாம் இல்லைங்க."

"சும்மா கேட்டேன். செட்டுல இருக்கறவங்க இஞ்ச வரமாட்டாங்க. வந்தா திட்டத்தான் வருவாங்க."

ஸ்டூலைக் காட்டினார். இடது பக்கம் கொஞ்சம் தூக்கி, வலது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் இடுப்பு பொறுத்துக்கொண்டது. மண் நன்றாகச் சலித்த மண். ஒரு தட்டை நிரப்பி, கட்டையால் மட்டம் செய்து, விதையைத் தூவினேன். கையின் பழைய வேகம் குறையவில்லை. அவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "தெரிஞ்ச கை" என்றார்.

"இது எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டேன்.

"தாளடிக்கு, குறுவ அறுத்த வயலுக்கு. வாய்க்காலுக்குத் தென்கரையில ஒரு மிராசு, மொத்தத்தையும் இந்தத் தடவ மிஷின்ல போடச் சொல்லிட்டாரு. அங்க நடவுக்கு ஆளு கிடைக்கலையாம்."

நேற்று நான் நடந்து வந்த கரை தென்கரை. அங்கே ஆள் கிடைக்காமல் இல்லை. பதினேழு பேர் இருக்கிறார்கள்.

"எத்தனை நாள்ல எடுப்பீங்க?"

"பதினஞ்சு நாள்."

அடுத்த தட்டை இழுத்து மண்ணைப் பரப்ப ஆரம்பித்தேன்.